லேபிளுக்கு அப்பால் – 7: கழுவியதும் போன சாயம்

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல், தொழிற்சாலைச் சட்டத்தில் ஆபத்துத் தகவலை வெளியிடச் சொல்லும் 41-பி பிரிவு நுழைந்த கதையைச் சென்ற வாரம் முடித்தோம்; அதைத் திரும்பச் சொல்ல இங்கே இடமில்லை. இந்த வாரம் வேதிப்பொருளுக்கான பாதுகாப்புத் தரவுத்தாளின் பதினாறு பகுதிகளையும் பிரித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் இராக்கைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

1971-ல் இராக், மெக்சிகோவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கோதுமையும் பார்லியுமாகச் சுமார் 95,000 டன் விதைத் தானியத்தை வரவழைத்தது. பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மெத்தில் பாதரசம் கலந்த விதை அது. உண்ணக்கூடாது என்று அடையாளம் தெரியச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். சாக்குகளில் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை இருந்தது. கூடவே மண்டையோட்டுப் படம். அந்த எழுத்தும் படமும் இராக்கிய விவசாயிக்கு எதையும் உணர்த்தவில்லை. பல ஊர்களுக்கு மூட்டைகள் வந்து சேர்ந்தபோது விதைப்பே முடிந்திருந்தது. விதை மாவாகி, ரொட்டியாகிவிட்டது. அரசுக் கணக்கின்படி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர். அங்கே இறந்தவர்கள் 459 பேர். இதே நாட்டில் 1956-லும் 1960-லும் பாதரசம் கலந்த விதையால் மக்கள் விஷத்துக்கு ஆளாகியிருந்தார்கள் என்பது வேதனையை இரட்டிப்பாக்குகிறது.

எச்சரித்தும் கேட்காதவர்களை என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். ஆனால் அவர்கள் கண்மூடித்தனமாகச் சாப்பிடவில்லை. தானியத்தைக் கழுவினார்கள், சாயம் போனது, விஷமும் போயிற்று என்று நம்பினார்கள். கால்நடைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். சில நாள் கழித்தும் அவை நன்றாகவே இருந்தன. கையிலிருந்த தகவலுக்கு இதைவிடக் கவனமான சோதனையை யார் செய்திருக்க முடியும்? சாயம் தண்ணீரோடு போய்விடும், பாதரசம் போகாது. அதன் பாதிப்பு வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும். இந்த இரண்டு செய்திகளும் அவர்களைச் சேரவில்லை. ‘இது விஷம் என்று தெரியும்’ என்று விவசாயியிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும் என்ற ஏற்பாடுகூட இருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதும் நிர்வாகங்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஆபத்து என்று அறிவிப்பது பாதி வேலைதான். எப்படித் தாக்கும், எப்போது தெரியும், எது பலிக்காது என்று சொல்லும்போதுதான் அது தகவலாகிறது.

தொழிலாளிக்கு இவ்வளவு விளக்கம் எதற்கு, எல்லோருக்கும் புரிகிற படம் போதாதா என்பது அடுத்த வாதம். படம் தானாகப் பேசும் என்று அதை வடிவமைப்பவர்களே நம்புவதில்லை. 1966-ல் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் சார்லஸ் பால்ட்வின் உயிரியல் ஆபத்துக்கான குறியீட்டை உருவாக்கியபோது, மனத்தில் நன்றாகப் பதிகிற, ஆனால் முன்பே எந்தப் பொருளும் ஏறியிராத வடிவத்தைத்தான் தேடினார். பொருளைப் பிறகு கற்பித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். கற்பிப்பதும் சேர்ந்துதான் குறியீடு. இன்று வேதிப்பொருள்களை வகைப்படுத்தி லேபிளிடும் ஐ.நா.வின் உலகளாவிய முறையில் ஒன்பது படங்கள் உள்ளன. அதில் மண்டையோடு உடனடி நச்சுக்கு மட்டுமே உரியது. ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் பென்சீன் கலனில் மண்டையோடு இருக்காது. தீச்சுடரும், ஆச்சரியக்குறியும், மார்பில் நட்சத்திரம் வெடித்த மனித உருவமும் இருக்கும். மண்டையோடு இல்லாததால் பயமில்லை என்று ஒருவர் முடிவு செய்தால், பிழை அவருடையதல்ல, அவருக்குச் சொல்லித்தராதவர்களுடையது.

தரவுத்தாள் அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதற்குள் உங்கள் பணியிடத்தில் தினமும் கைபடும் ஒரு கலனைத் தேர்ந்தெடுங்கள். அதிலுள்ளது உடலுக்குள் எந்த வழியாகப் போகும், பாதிப்பு எத்தனை நாளில் தெரியும் என்ற இரண்டு கேள்விகளையும் மேற்பார்வையாளரிடம் கேட்டு, கிடைத்த பதிலை எழுதி வையுங்கள்.