மீட்டருக்கு மேல்

விடியற்காலை ரயிலில் எழும்பூர் வந்து இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் வாசலுக்கு வரும் வெளியூர் மூதாட்டி ஒருத்தியிடம், "எங்கம்மா போவணும்?" என்று பரிவோடு வினவுகிற ஆட்டோக்காரர், மயிலாப்பூர் என்று அவள் சொன்ன மாத்திரத்தில் "முந்நூறு குடுத்துடும்மா" என்பதும், "மீட்டர் போட்டு வாப்பா" என்று அவள் கெஞ்சினால் "ரிட்டர்ன் சவாரி கிடைக்காதும்மா" என்று முகத்தைத் திருப்பிக் கொள்வதும் சென்னைவாசிகள் நித்தியம் காணும் காட்சி.

சர்க்கார் 2013 ஆகஸ்டில் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். ஐந்து கிலோமீட்டர் பிரயாணத்துக்குக் கணக்கிட்டால் 63 ரூபாய் 40 காசுதான் வரும். பர்மிட் பெற்ற வண்டி, காரணமின்றிச் சவாரி மறுப்பது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 178ஆம் பிரிவின்படி குற்றம். மீட்டர் போட இசைகிறவர்களிலும் சிலர் அதற்குச் 'சூடு' வைத்து வேகமாக ஓட விடுகிறார்கள். செல்போன் செயலி வந்த பிறகோ, "எங்க போவணும், கேஷா ஆன்லைனா?" என்று விசாரித்துவிட்டுச் சவாரியை ரத்து செய்வது வழக்கமாகிவிட்டது. ஊர் தெரிந்தவன் பேரம் பேசித் தப்பிக்கிறான். ஆஸ்பத்திரிக்கு வந்த ஏழையும் வழியறியாத அந்நியனுமே முழுத் தொகையையும் அழுகிறார்கள் என்பதுதான் இந்த அநியாயத்தில் என் மனத்தை மிகவும் வருத்துவது.

ஆயினும் பழி முழுவதையும் ஓட்டுநர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. நாள் வாடகைக்கு வண்டி எடுப்பவர், அந்த வாடகையையும் எரிபொருட் செலவையும் கழித்த பிறகே வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியும், 2013ஆம் வருஷத்துக் கட்டணம் பத்தாண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. அதற்கு முன்பும் 2007இல் விதித்த விகிதமே ஆறு வருஷம் நீடித்ததால், மீட்டரை மறப்பது அப்போதே பழக்கமாகி வேரூன்றிவிட்டது. இலவச ஜி.பி.எஸ். மீட்டர் தருவதாகச் சொன்னதும் அறிவிப்போடு நின்றது. கடைசியில் 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் தாமாகவே ஆரம்பக் கட்டணம் 50 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று ஒரு விகிதத்தை அறிவிக்க, சர்க்கார் அது செல்லாது என்றது.

எரிபொருள் விலையோடு இணைத்து வருஷந்தோறும் கட்டணத்தைத் திருத்தட்டும். பிறகு மீட்டர் போட மறுக்கும் வண்டியின் பர்மிட்டை ரத்து செய்ய எந்த அதிகாரியும் தயங்க வேண்டியதில்லை.