இறுதி மருந்துக்கு ஏறிய விலை

தீராத நோயினால் மரணத்தை எதிர்நோக்கியிருப்பவர், வைத்தியரிடம் மருந்து பெற்றுத் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொள்ள இடமளிக்கும் சட்டத்தில், கலிபோர்னிய ஆளுநர் ஜெரி பிரவுன் 2015 ஒக்டோபரில் கையொப்பமிட்டார். 2016 ஜூன் 9ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. நியூ ஜேர்சியில் இத்தகைய சட்டம் 2019 ஓகஸ்ட் முதலாம் திகதி அமுலானது. டெக்சாசில் இதற்கு இன்றும் இடமில்லை.

கலிபோர்னியச் சட்டத்தை ஆக்கியோரின் பெரிய அச்சங்களுள் ஒன்று வீட்டாரைப் பற்றியது. சொத்துக்காகவோ பராமரிக்கும் சலிப்பினாலோ உறவினர் நோயாளியை நெருக்கிவிடலாம் அன்றோ? ஆகவே, ஆறு மாதத்துக்குள் மரணம் நேரும் என இரு வைத்தியர்கள் உறுதிசெய்ய வேண்டும். வைத்தியர் நோயாளியுடன் தனிமையில் உரையாட வேண்டும். மருந்தை நோயாளி தாமே உட்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படின், அவர் இரத்த உறவினராகவோ திருமண உறவினராகவோ சொத்தில் பங்குடையவராகவோ இருத்தலாகாது. வைத்தியசாலையில் பெற்றோருக்காகப் பிள்ளைகளே பேசிப் பழகிய எம்மவர் இவ்விதியை மனதிற் கொள்ளுதல் நன்று.

வீட்டாருக்கு இத்தனை வேலி போட்ட சட்டம், மருந்து விற்பவருக்கு ஒரு வேலியும் போடவில்லை.

அந்த இடைவெளியை 2016 மார்ச்சில் அம்பலப்படுத்தியவர், சான் பிரான்சிஸ்கோவின் கே.கியூ.ஈ.டி. வானொலியைச் சேர்ந்த நிருபர் ஏப்ரல் டெம்போஸ்கி. அப்போது இத்தேவைக்கு வைத்தியர்கள் பெரிதும் எழுதிக்கொடுத்தது செகோனல் என்னும் பழைய தூக்க மாத்திரை. 2009இல் ஒருவருக்குத் தேவையான அளவின் விலை ஏறத்தாழ 200 டொலர். படிப்படியாக அது 1,500 டொலராயிற்று. 2015இன் தொடக்கத்தில், கலிபோர்னியச் சட்டமூலம் முன்வைக்கப்பட்டு ஒரு மாதமளவில், வலியன்ட் என்னும் கம்பனி அம்மருந்தின் உரிமையை வாங்கியது. உடனே விலை இரட்டித்து 3,000 டொலரானது.

தூக்கமின்மை, வலிப்பு முதலியவற்றுக்கே தனது மருந்து அங்கீகாரம் பெற்றது, வேறு பயன்பாட்டுக்காக அது தயாரிக்கப்படவில்லை என்று கம்பனி பதிலளித்தது. காலப்பொருத்தம் தற்செயலாகவே இருக்கட்டும். எனினும் 1930கள் முதல் புழக்கத்திலுள்ள மருந்துக்கு, ஆராய்ச்சிச் செலவு என்ற வழமையான சாட்டைச் சொல்ல முடியாது.

இவ்விலையைச் செலுத்துவது யார்? இத்தகைய மரணத்துக்கு மத்திய அரசின் பணம் செல்லக்கூடாதென 1997ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடுக்கிறது. எனவே வறியோருக்கான மெடி-கல் திட்டத்தில் உள்ளவர்களின் செலவைக் கலிபோர்னியா தன் சொந்த நிதியிலிருந்து ஏற்றது. மாநிலத்தில் வரி செலுத்தும் எவரும், இச்சட்டத்தை வெறுப்பவர் உட்பட, அதில் பங்காளிகளே. ஏனையோரில் காப்புறுதி கைவிட்டவர்கள் தம் பையிலிருந்தே கொடுத்தனர்.

பின்னர் வொஷிங்டன் மாநில வைத்தியர்கள், மருந்தகங்களிற் கலந்துகொள்ளக்கூடிய மிக மலிவான கலவையொன்றை வகுத்தனர். செகோனலின் இடத்தை அத்தகைய கலவைகள் பிடித்துக்கொண்டன. வலியன்ட் கம்பனியோ 2018இல் தன் பெயரையே பௌஷ் ஹெல்த் என மாற்றிக்கொண்டது.