விழுந்த பிறகும் எரிய வேண்டும்

இடுப்பு உயரத்திலிருந்து ஒரு டார்ச் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுகிறது. ஒரு மீட்டரைக் கடக்க அதற்கு அரை நொடிகூட ஆகாது. தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர்தான். ஆபத்து அந்த வேகத்தில் இல்லை, அது நிற்கும் விதத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் விழுந்து சேர்த்த வேகம் முழுவதையும், உலோகமும் சிமெண்டும் மோதுகிற இடத்தில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள் இழந்தாக வேண்டும். மில்லிமீட்டர் என்பது மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே நிற்கிற அந்தக் கணத்தில் டார்ச்சின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு விசைக்கு ஆளாகிறது.

உள்ளே இருக்கும் லித்தியம் செல் சுமார் 48 கிராம். மோதும் கணத்தில் அது 48 கிலோ கனத்தோடு ஸ்பிரிங்கை அழுத்துகிறது. வெளிச்சம் தருகிற எல்.இ.டி. சில்லின் எடையோ ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அதை ஆயிரத்தால் பெருக்கினாலும் ஒரு கிராம்கூட வராது. டார்ச் கீழே விழுந்து கெட்டுப்போனால் பெரும்பாலும் எல்.இ.டி. கெடுவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம். நசுங்குவது ஸ்பிரிங், விடுபடுவது ஈயப் பற்று, உடைவது ஸ்விட்ச் அல்லது முன்கண்ணாடி.

மலிவான, முரட்டுக் கைகளைத் தாங்கக்கூடிய டார்ச்சுகளை ஒப்பிட நினைப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதைத்தான். ஒளி இன்று மலிவாகிவிட்டது. சில நூறு ரூபாய் டார்ச்சிலும் கண்கூசும் எல்.இ.டி. இருக்கிறது. நல்ல டார்ச்சையும் மோசமான டார்ச்சையும் பிரிப்பவை அந்த ஒளியைச் சுற்றியிருக்கும் சாதாரண உறுப்புகள்.

நீலம் கிடைத்த பிறகே வெள்ளை

பழைய டார்ச்சில் டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி ஒளிர்ந்தது. செலவான ஒவ்வொரு வாட்டுக்கும் 10 முதல் 15 லூமென் ஒளி கிடைத்தாலே அதிகம். மீதி முழுவதும் வெப்பமாகப் போனது. எல்.இ.டி.யில் எரிவதற்கு எதுவும் இல்லை. ஒரு படிகத்தின் இரண்டு பகுதிகள் சந்திக்கும் எல்லையில் எலெக்ட்ரான்கள் உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்கும்போது, மிச்சமாகும் ஆற்றல் ஒளியாக வெளிவருகிறது. எந்த நிறத்தில் வரும் என்பதை அந்த இறக்கத்தின் அளவு முடிவுசெய்கிறது.

1962இல் நிக் ஹாலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். சிவப்புக்கு இறக்கம் சிறியது. நீலத்துக்குப் பெரிய இறக்கம் வேண்டும், அதைத் தரக்கூடிய காலியம் நைட்ரைடு படிகமோ குறையின்றி வளர மறுத்தது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும், தொகுஷிமாவில் நிச்சியா என்ற நிறுவனத்தில் ஷுஜி நாகமுராவும் ஆண்டுக்கணக்கில் இந்தப் படிகத்தோடு போராடினார்கள். 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல எல்.இ.டி. பிறந்தது. 2014இல் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வது உண்மையில் நீல எல்.இ.டி.தான். அணைந்திருக்கும் டார்ச்சின் உள்ளே பாருங்கள், மஞ்சள் பூச்சு தெரியும். அது சீரியம் கலந்த பாஸ்பர். நீல ஒளியில் ஒரு பங்கை அது விழுங்கி மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. மிஞ்சிய நீலமும் பிறந்த மஞ்சளும் சேரும்போது நம் கண் அதை வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு வாட்டுக்கு 100 லூமென் இப்போது சாதாரணம்.

பெட்டி சொல்லும் எண்கள்

டார்ச் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது லூமென். விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் சேர்ந்து வெளிவரும் மொத்த ஒளி அது. எவ்வளவு தூரம் எட்டும் என்பதைச் சொல்வது வேறோர் அளவு, கேண்டெலா. ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதை அது குறிக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் அதே தண்ணீர் தூரமாகப் பாயும். லூமென் தண்ணீரின் அளவு, கேண்டெலா அது பாயும் வீச்சு. ஆழமான பிரதிபலிப்பான் உள்ள 300 லூமென் டார்ச், ஆழமற்ற 1,000 லூமென் டார்ச்சைவிடத் தொலைவு காட்டுவது இப்படித்தான்.

இந்த எண்களுக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவர 2009இல் அமெரிக்காவில் எஃப்.எல்.1 என்ற தரநிலை வெளியானது. ஒளியை டார்ச் எரியத் தொடங்கிய 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் அளக்க வேண்டும். வீச்சுத் தூரம் என்பது, ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், வெளிச்சம் கால் லக்ஸாகக் குறையும் இடம். தெளிந்த வானத்துப் பௌர்ணமி நிலவின் வெளிச்சம் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே பெட்டியில் 200 மீட்டர் என்று போட்டிருந்தால், 200 மீட்டரில் நிலவொளி அளவுக்கே தெரியும் என்று பொருள். ஆளா மாடா என்று அடையாளம் காண அதில் பாதித் தூரத்தை நம்பலாம். அங்கே வெளிச்சம் நான்கு மடங்கு.

எரியும் நேரத்தின் வரையறையைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் நேரத்தை எண்ணலாம் என்கிறது தரநிலை. 1,000 லூமென்னில் தொடங்கி, மூன்றாம் நிமிடமே 150க்கு இறங்கி, பிறகு மணிக்கணக்கில் எரியும் டார்ச்சும் அந்த மொத்த நேரத்தை 1,000 லூமென்னுக்குப் பக்கத்தில் அச்சிடலாம். அது பொய்யில்லை, ஆனால் வாங்குபவர் புரிந்துகொள்வது வேறு.

பொய்யான எண்களைக் கண்டுபிடிக்க ஒரு பெருக்கல் போதும். டார்ச்சுகளில் அதிகம் புழங்கும் 18650 செல் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. சந்தையில் கிடைக்கும் நல்ல செல்லின் கொள்ளளவு பெரும்பாலும் 3,500 மில்லிஆம்பியர்-மணி அளவில் நின்றுவிடுகிறது. மேலட்டையில் 9,900 என்று போட்டிருந்தால் அந்த அட்டையை நம்ப வேண்டாம். 3,500ஐ அதன் மின்னழுத்தத்தோடு பெருக்கினால் சுமார் 12 வாட்-மணி ஆற்றல். வாட்டுக்கு 100 லூமென் என்றால் மொத்தம் 1,200 லூமென்-மணி. 300 லூமென்னை 4 மணி நேரம் எரிக்கலாம், 100 லூமென்னை 12 மணி நேரம் எரிக்கலாம். இந்தப் பெருக்கலை வெகுவாக மீறும் எந்த விளம்பரமும் ஆற்றல் அழியா விதியோடு மோதுகிறது. ஒற்றைச் செல்லில் 10,000 லூமென் என்றால் 100 வாட் வேண்டும். வீட்டில் எரியும் 9 வாட் பல்புகள் பதினொன்றின் வெளிச்சம் அது. அப்படியே தர முடிந்தாலும் செல் ஏழே நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

அதிக லூமென்னைத் துரத்துவதில் இன்னொரு வீண்செலவும் உண்டு. ஒளி இரட்டிப்பானால் நம் கண்ணுக்கு அது இரட்டிப்பாகத் தெரிவதில்லை. இருமடங்கு பிரகாசம் என்று மனம் உணர ஒளி பல மடங்கு கூட வேண்டும். 300க்கும் 400க்கும் உள்ள வித்தியாசத்தைத் தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலோரால் சொல்லவே முடியாது.

சூடு போக வழி

எல்.இ.டி. சிக்கனமானதுதான். ஆனாலும் வேகமாக ஓட்டும்போது அதற்குத் தரும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகிறது. இழை பல்பின் வெப்பம் ஒளியோடு சேர்ந்து முன்பக்கமாக வெளியேறிவிடும். எல்.இ.டி.யின் வெப்பம் பின்பக்கம் தங்குகிறது. அதை எடுத்துச்செல்ல உலோகம் தேவை.

10 வாட்டில் எரியும் ஒரு டார்ச்சில் 6 வாட் வெப்பமாகிறது என்று கொள்வோம். அலுமினிய உடல் 100 கிராம். வெப்பம் காற்றுக்குப் போகாமல் உடலிலேயே தங்கினால் 10 நிமிடத்தில் வெப்பநிலை 40 டிகிரி ஏறும். 30 டிகிரி இரவில் அது 70 டிகிரி, கை பொறுக்காது. நல்ல டார்ச் தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்வது இதனால்தான். அது குறையில்லை, எல்.இ.டி.யின் ஆயுளைக் காக்கும் ஏற்பாடு.

உயர்ந்த வெளிச்சத்தில் சில நிமிடம் எரியவிட்டுத் தலைப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடு கைக்கு வந்தால் வெப்பம் சரியான வழியில் நடக்கிறது. வெளிச்சம் பளீரென்று இருந்தும் உடல் குளிர்ந்தே இருந்தால், எல்.இ.டி. பலகைக்கு அடியில் திடமான உலோகம் இல்லை, சூடு உள்ளேயே அடைபட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

மழையும் ஒரு மீட்டர் ஆழமும்

பெட்டியில் ஐ.பி.எக்ஸ் 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடக்கலாம். காக்கிற பொறுப்பு மரையின் அடியில் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையத்துக்கு.

மழையில் நனைவது மூழ்குவதைவிட லேசானது என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. 60 டிகிரிக்குச் சூடான டார்ச் குளிர்ந்த மழைநீர் பட்டு 28 டிகிரிக்கு இறங்கினால் உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் சுமார் 10 சதவீதம் குறைகிறது. ஒரு மீட்டர் ஆழ நீர் தரும் அழுத்தமும் அதே அளவுதான். சூடான டார்ச், மழையில் நின்றபடியே, ஒரு மீட்டர் ஆழத்தில் மூழ்கியது போன்ற நிலைக்குப் போய் நீரை உள்ளே உறிஞ்சப் பார்க்கிறது. வளையம் காய்ந்து வெடித்திருந்தால் முன்கண்ணாடியில் ஆவி படியும். ஆண்டுக்கு ஓரிரு முறை வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் தடவுவது நல்லது. சார்ஜ் செய்யும் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பல டார்ச்சுகளில் நீர் புகும் வாசல் அதுதான்.

வீட்டிலேயே ஓர் ஆய்வகம்

இரண்டு டார்ச்சுகளை ஒப்பிட விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒளியை அளக்கும் செயலி கைபேசியில் இருந்தால் போதும். இருட்டறையில் டார்ச்சைக் கூரையை நோக்கி நிறுத்தி, கைபேசியை ஒரே இடத்தில் வைத்து லக்ஸைக் குறிக்க வேண்டும். கைபேசி காட்டும் எண் துல்லியமாக இராது, ஆனால் இரண்டு டார்ச்சுகளின் விகிதத்தை ஓரளவு சரியாகக் காட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக் கோடு வரைந்தால் டார்ச்சின் குணம் தெரிந்துவிடும். நல்ல மின்சுற்று உள்ளதில், சூட்டுக்காக ஒளியைக் குறைத்துக்கொண்ட பிறகு, கோடு நெடுநேரம் சமமாகப் போகும். அப்படி இல்லாததில் முதல் நிமிடத்திலிருந்தே சரிந்துகொண்டே வரும்.

வீச்சை அறிய, ஐந்து மீட்டர் தள்ளி நின்று ஒளியின் நடுப்புள்ளியில் லக்ஸை அளந்து 25ஆல் பெருக்குங்கள், கேண்டெலா கிடைக்கும். அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் வீச்சுத் தூரம். 400 லக்ஸ் காட்டினால் 10,000 கேண்டெலா, 200 மீட்டர்.

எரியும் டார்ச்சை உள்ளங்கையில் பலமாகத் தட்டுங்கள். ஒளி துடித்தால் ஸ்பிரிங் செல்லை இறுக்கிப் பிடிக்கவில்லை. இரண்டு முனையிலும் ஸ்பிரிங் உள்ளவை இந்தச் சோதனையில் தேறும். நீர்ச் சோதனைக்குச் செல்லை எடுத்துவிட்டு உள்ளே உலர்ந்த காகிதத்தைச் சுருட்டி வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தினால் போதும். காகிதம் நனைந்ததா இல்லையா என்பதே முடிவு.

நிறத்தையும் சோதியுங்கள். காய்ந்த இலைகளும் குச்சிகளும் கிடக்கும் தரையில் இரண்டு டார்ச்சையும் அடித்துப் பாருங்கள். நீலம் ஓங்கிய வெள்ளையில் பழுப்பும் செம்மையும் ஒரே சாம்பலாக மங்கிப்போகும். சற்று மஞ்சள் கலந்த, 4,000 முதல் 5,000 கெல்வின் வரையிலான ஒளியில், அதுவும் நிறம் காட்டும் திறன் கூடிய எல்.இ.டி.யில், கட்டுவிரியனின் பட்டையும் கண்ணாடிவிரியனின் புள்ளியும் சருகிலிருந்து பிரிந்து தெரிய வாய்ப்பு அதிகம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மும்முனை மின்சாரம் வந்ததும் இரவில் மோட்டார் போடப் போகிற விவசாயிக்கு 200 மீட்டர் வீச்சைவிடக் காலடியில் பரவலாக விழும் 100 லூமென் பெரிய காவல்.

எதற்குக் காசு கொடுக்கலாம்

செல்லைப் பொறுத்தே பராமரிப்பு. ஆல்கலைன் செல்லை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் அதிலிருந்து கசியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஸ்பிரிங்கையும் மின் இணைப்புகளையும் அரித்துவிடும். லெட்-ஆசிட் பேட்டரி உள்ள மலிவு ரீசார்ஜ் டார்ச்சைத் தீர்ந்த நிலையில் வாரக்கணக்கில் போட்டு வைத்தால் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, பிறகு சார்ஜ் ஏறாது. மாதம் ஒருமுறை சார்ஜ் போடுவதே அதற்கு மருந்து. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அத்தகைய நேரத்துக்குப் பெட்டிக்கடையில் கிடைக்கும் பென் டார்ச் செல்லில் எரியும் டார்ச் ஒன்றும் வீட்டில் இருப்பது நல்லது. செல்லை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஆகவே இரண்டாயிரம் லூமென்னுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இரண்டு பக்க ஸ்பிரிங், கையில் சூட்டைக் கடத்தும் அலுமினிய உடல், மாற்றக்கூடிய செல், மெத்தென்று உட்காரும் ரப்பர் வளையம், அழுத்தும்போது உறுதியாகச் சொடுக்கும் ஸ்விட்ச், காலடி நடைக்கு ஏற்ற தாழ்ந்த வெளிச்ச நிலை: இவற்றுக்குக் கொடுங்கள். நீல ஒளிக்காக அறிவியல் பல பத்தாண்டுகள் உழைத்துவிட்டது, அந்த உழைப்பின் பலன் மிக மலிவான டார்ச்சிலும் வந்து சேர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது அதை ஒழுங்காகத் தாங்கிப் பிடிக்கும் வேலை. அதைச் செய்திருக்கிறார்களா என்று ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கைபேசியும் வைத்து நாமே ஒரே மாலையில் தெரிந்துகொள்ளலாம்.