மூளைநாடிச் சிகிச்சையும் கட்டணக் குறியீடும்

தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள நாடியொன்றைத் துளைத்து, கதீற்றர் எனும் மெல்லிய குழாயைப் பெருநாடி வழியே மூளைவரை செலுத்தி, ஆங்கு அடைத்து நிற்கும் குருதிக்கட்டியை அகற்றுதல் இக்கால மருத்துவத்தின் அரிய சாதனைகளுள் ஒன்றாகும். 1927ஆம் ஆண்டிலே போர்த்துக்கேய மருத்துவராகிய எகாஸ் மொனிஸ் மூளைநாடிகளை எக்ஸ்கதிர்ப் படத்திற் காட்டியமையே இதற்குத் தோற்றுவாய். இச்சிகிச்சைக்குரிய கட்டணத்தை ஐக்கிய அமெரிக்காவிலே காப்புறுதியாளரிடமிருந்து பெறும் முறையோ, சிகிச்சையினும் சிக்கல் குறைந்ததன்று.

அந்நாட்டில் மருத்துவர் ஆற்றும் செயல் ஒவ்வொன்றுக்கும் ஐந்திலக்கக் குறியீடு உண்டு. அக்குறியீட்டு நூலை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதன்முதலாக வெளியிட்டது. நோய்களுக்கு வேறொரு நிரல் உண்டு. செயலும் நோயும் தம்முட் பொருந்தாவிடிற் கட்டணம் மறுக்கப்படலாம்.

மூளைநாடிகளைப் படமெடுக்குமிடத்துக் குறியீட்டைத் தீர்மானிப்பன, குழாயின் நுனி எவ்விடம்வரை சென்றது, எப்பகுதி படமாக்கப்பட்டது என்னும் இரண்டுமாம். பெருநாடியளவில் நின்றால் 36221. பொதுச் சிரசுநாடியில் நின்று மண்டையோட்டினுள் இருக்கும் நாடிகளைப் படமெடுத்தால் 36223. உட்சிரசுநாடியினுட் புகுந்து எடுத்தால் 36224. ஒரே பக்கத்தில் இவ்விடங்கள் யாவற்றிலும் நின்றிருப்பினும் உயர்ந்த ஒன்றையே எழுதலாம். மாடிக்குச் சுமை ஏற்றியவன் படிதோறும் தனிக்கூலி கேட்டல் ஒவ்வாதன்றோ?

கட்டியகற்றலுக்குரிய 61645 என்பது 2016இல் வந்தது. அடைபட்ட பகுதியைப் படமெடுத்தல், குழாய் செலுத்தல், அவ்வேளையிற் கட்டியைக் கரைக்க மருந்திடல் ஆகிய அனைத்தும் அதனுள் அடக்கம். வலச் சிரசுநாடி, இடச் சிரசுநாடி, முள்ளந்தண்டை ஒட்டி ஏறும் பின்நாடிகள் என மூளையின் குருதிப்பரப்பு மூன்றாக வகுக்கப்பட்டிருத்தலின், பரப்பொன்றுக்கு ஒருமுறையே இக்குறியீடு செல்லும். புடைத்த நாடிச்சுவரைக் கம்பிச்சுருளால் அடைக்கும் 61624இன் இயல்பு வேறு. அங்குக் குழாய் செலுத்தலுக்குத் தனிக்குறியீடு உண்டு. படமோ, நோயை அறிதற்கென்றே எடுக்கப்பட்டதாயின் தனிக்கட்டணம் பெறும், சுருளுக்கு வழிகாட்ட எடுக்கப்பட்டதாயிற் பெறாது. தோற்றத்தில் ஒத்த இரு படங்களை நோக்கம் ஒன்றே வேறுபடுத்துகின்றது.

குறியீடு இடுபவர் சிகிச்சைக் கூடத்தில் நின்றவரல்லர்; மருத்துவரின் அறிக்கையே அவருக்குக் கண். "சிரசுநாடியிற் குழாய் செலுத்தப்பட்டது" என்று மட்டும் அதில் இருப்பின், எப்பக்கம், பொதுநாடியோ உள்நாடியோ என்பது புலப்படாது. அரிதின் உழைத்த உழைப்பும் தாழ்ந்த குறியீட்டையே பெறும். மறுதலையாக, எழுதப்படாததை ஊகித்து உயர்த்தி எழுதுதல் அதனினும் கேடானது. அரசின் மெடிகெயார் திட்டத்திடம் அறிந்தே அவ்வாறு பணம் கேட்போர்மீது பொய்க்கோரிக்கைச் சட்டம் பாயும். உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1863இல், படைக்குப் பொருள் விற்று வஞ்சித்தோரை ஒறுக்க இயற்றப்பட்ட சட்டம் அது! ஆதலின், திறமையுடைய குறியீட்டாளர் ஐயமுற்றவிடத்து மருத்துவருக்கு வினா எழுதியனுப்பி, விடை வரும்வரை கணக்கை நிறுத்திவைப்பர்.