சிறுவர் குரலும் சங்கீத பாடமும்

சங்கீதம் பயிலத் தொடங்கும் சிறுவருக்கு நாம் முதலிற் கற்பிக்கும் சரளி வரிசை, 15ஆம் மேளமாகிய மாயாமாளவகௌளையில் அமைந்தது. இம்முறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. ச ரி க ம என்பவற்றின் இடைவெளிகளே ப த நி ச என்பவற்றிலும் மீண்டும் வருதலின், கீழ்ப்பாதி கைவந்த பிள்ளைக்கு மேற்பாதி எளிதாகின்றது. முன்னோர் தெரிவு நன்றே.

குறை சுருதியில் உளது. சிறுவர் குரல் ஆடவர் குரலினும் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி உயர்ந்தது. ஆசிரியரின் தாழ்ந்த குரலையே எட்ட முயலும் பிள்ளை தடுமாறுகின்றான். உடனே, 'குரலில்லாதவன்' என ஒதுக்கப்படுகின்றான். அவனுக்கேற்ற சுருதியை ஒருவரும் தேடிப் பார்ப்பதில்லை. எம்முள் ஒருவர் இளமையிற் பரிசளிப்பு விழாவொன்றில் வாயை மட்டும் அசைக்கப் பணிக்கப்பட்டவர். பேரப்பிள்ளைகள் தேவாரம் பாடுகையில் இன்றும் அவர் வாய் திறப்பதில்லை.