பல்கலைக்கழகத்துப் பேய்கள்

கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள கரையோர மக்களுக்குப் பேய்க்கதை புதிதன்று. கடலுக்குச் சென்ற வள்ளங்கள் கரை திரும்பும்வரை மூதாட்டியர் சிறுவர்க்குக் கூறும் கதைகளுள் பாதி பேய்க்கதைகளே. எனினும், புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றிலே பேய்கள் உலாவுவதாக எழுதப்பட்ட நாவலை நம் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கொணர்ந்து தந்தபோது, சற்றுத் தயக்கத்துடனேயே அதைக் கையிலெடுத்தோம்.

லீ பார்டூகோ என்னும் அமெரிக்க எழுத்தாளர், தாம் பயின்ற யேல் பல்கலைக்கழகத்தைக் களமாகக் கொண்டு 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நைன்த் ஹவுஸ்', அதாவது 'ஒன்பதாம் இல்லம்' என்பதே அந்நாவல். யேலில் மாணவரின் இரகசியச் சங்கங்கள் இருப்பது மெய்யே. 1832இல் தோன்றிய 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' அவற்றுள் ஒன்று. அதன் மண்டபத்தைக் 'கல்லறை' என்றே அழைப்பர். இத்தகைய எட்டுச் சங்கங்கள் மாந்திரீகம் பயில்கின்றன என்பது ஆசிரியரின் கற்பனை. உயிருள்ள மனிதனின் குடலைப் பார்த்துப் பங்குச்சந்தையின் போக்கைக் குறிசொல்லும் சங்கமும் அங்குண்டு! இவ்வெட்டையும் கண்காணிப்பதே ஒன்பதாம் இல்லம். இறந்தோரைக் காணும் ஆற்றல் பெற்ற அலெக்ஸ் என்னும் ஏழைப் பெண்ணுக்கு, அவ்வாற்றலின் பொருட்டே அங்கு இடங் கிடைக்கிறது.

ஒருநாள் நகரத்துப் பெண் ஒருத்தி கொலையுண்கிறாள். அவள் மாணவியல்லள், செல்வர் வீட்டு மகளுமல்லள். ஆகவே, நமக்கேன் வீண்வம்பு என்று பெரியோர் ஒதுங்கிக் கொள்கின்றனர். அலெக்ஸ் மட்டும் விடவில்லை. கொலையாளி யாரென்று கூறி வாசகரின் சுவையைக் கெடுக்கமாட்டோம். பேய்களைவிட நம்மை அச்சுறுத்தியது அப்பெரியோரின் அலட்சியமே என்று மட்டும் சொல்வோம். வன்முறையும் போதைப்பொருளும் ஒளிவின்றிச் சித்திரிக்கப்படுவதால், இந்நூல் சிறுவர்க்கு உரியதன்று என்பதையும் பெற்றோர் அறிதல் நன்று.

தமிழருக்கும் இக்கதைக்கும் என்ன தொடர்பு என நேயர்கள் வினவலாம். 'யேல்' என்ற பெயரே சென்னையிலிருந்து சென்றதுதான்! கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் கோட்டை எழுப்பத் தொடங்கிய சில ஆண்டுகளில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராய்ச் சென்னைக்கு வந்தவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை புனித ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநராய் இருந்து, பெருஞ் செல்வத்துடன் இங்கிலாந்து திரும்பினார். 1718இல் அமெரிக்காவிலிருந்த சிறு கல்லூரியொன்றுக்கு ஒன்பது பொதிச் சரக்குகளும் 417 நூல்களும் மன்னரின் படமொன்றும் அனுப்பினார். சரக்குகள் 562 பவுணுக்கு விலைபோயின. நன்றிக்கடனாகக் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது.

ஆனால், 1680களிலே பஞ்சத்தில் வாடிய மக்கள் அக்கோட்டையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுச் செயின்ட் ஹெலினாத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாணிகத்தில் ஈடுபட்ட அதிகாரிகளுள் யேலும் ஒருவர். நாவலில் வரும் நகரத்துப் பெண்ணைப் போலவே அவர்களையும் நெடுங்காலம் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்பை ஆராய்ந்து வெளியிட்டு, 2024 பெப்ரவரியில் யேல் பல்கலைக்கழகம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. காலந்தாழ்ந்ததாயினும் நற்செயலே அது.

நூலைத் திருப்பிக் கொடுத்தபோது, "பெரிய இடங்களெல்லாம் இப்படித்தானா, சேர்?" என்று வினவினாள் அம்மாணவி. அவள் மனத்திலிருந்தது யேல் அன்று. பகிடிவதை என்பதை உணர்ந்தோம். 1998இலேயே அதனைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது. எனினும், கண்டவர் வாய்திறவாதவரை சட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

"அஞ்சாமல் போ, மகளே. ஆனால், அங்கு ஒருவருக்குத் தீங்கு நேர்வதைக் கண்டால், நமக்கேன் என்று இராதே" என்றோம். மௌனம் உள்ள இடத்திற்றான் பேய் குடியிருக்கும். கேள்வி கேட்கும் பிள்ளை ஒன்று உள்ளே நுழைந்தாற் போதும். அது தானே வெளியேறும்.