‘ரன்க்’ – ஒரு சொல்லின் வரலாறு

ஐரோப்பியக் குலச்சின்னங்களைப் பற்றிப் பலரும் அறிவர். எகிப்தையும் ஷாமையும் ஆண்ட மம்லூக்குகளிடமும் (ஹிஜ்ரி 648–923 / கி.பி. 1250–1517) அத்தகைய சின்ன மரபொன்று செழித்திருந்தது. அச்சின்னத்திற்கு அவர்கள் வழங்கிய பெயர் ‘ரன்க்’, பன்மையில் ‘ருனூக்’.

இச்சொல் அரபு மூலத்தில் பிறந்ததன்று. பாரசீகத்தில் ‘ரங்’ என்றால் நிறம். உர்தூவிலும் அதே பொருளில் வழங்கும் இச்சொல்லுக்கு வடமொழி ‘ரங்க’ உறவுச் சொல்லாகும். பாரசீகத்தின் ‘காஃப்’ (گ) எழுத்து அரபு நெடுங்கணக்கில் இல்லாமையால், அது ‘காஃப்’ (ك) ஆக மாறியது. அரபுமொழி அதனைத் தன் ‘ஃபுஊல்’ வாய்பாட்டில் அமைத்துப் பன்மையும் ஆக்கிக்கொண்டது. பதவி வரிசையைக் குறிக்கும் ஆங்கில ‘ரேங்க்’ என்பதே இது எனக் கருதத் தோன்றும். அது பிழை, ஆங்கிலச் சொல் ‘வரிசை’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது.

நிறத்தைக் குறித்த சொல் சின்னத்தைக் குறிக்க வந்தது எவ்வாறு? வடிவத்தைப் போலவே வண்ணமும் ஒருவரின் சின்னத்தைப் பிறர் சின்னத்திலிருந்து பிரித்துக் காட்டியது. பள்ளிவாசல் சுவர்களிலும், பித்தளைக் கலங்களிலும், வண்ணப் பூச்சிட்ட கண்ணாடி விளக்குகளிலும் இவற்றை இன்றும் காணலாம். ஹிஜ்ரி 821இல் (கி.பி. 1418) மறைந்த அல்கல்கஷந்தீயும் அமீர்களின் ருனூக் பற்றித் தமது ‘ஸுப்ஹுல் அஃஷா’வில் குறிப்பிடுகிறார்.

இச்சின்னங்கள் சுட்டியவை எவை என்பதே நாம் சிந்திக்கத்தக்கது. பானம் வழங்கும் ‘ஸாகீ’க்குக் கோப்பை, ஆயுதம் தாங்கும் ‘ஸிலாஹ்தார்’க்கு வாள், சுல்தானின் எழுத்துப் பணியாளரான ‘தவாதார்’க்கு மைக்கூடு, ஆடைகளைப் பேணும் ‘ஜம்தார்’க்குச் சாய்சதுரத் துணி. மம்லூக் என்பவர் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. பெருமை பேசப் பாட்டன் பெயரோ பரம்பரை நிலமோ அவருக்கில்லை. ஐரோப்பியப் பிரபு தம் தந்தையின் கேடயத்தைத் தாங்கினார். மம்லூக் அமீரோ தாம் அரண்மனையில் ஏவல் செய்த நாளின் கோப்பையைத் தம் மாளிகை வாயிலில் பொறித்தார். ஏவலை மறைக்க வேண்டிய இழிவாக அவர் கருதவில்லை.

இதற்குப் புறநடைகளும் உண்டு. சுல்தான் பைபர்ஸின் சிங்கம் பணியைக் குறித்ததன்று. 1273இல் அவர் லுத்து நகருக்கருகே கட்டிய பாலத்தில் அதனை இன்றும் காணலாம். துருக்கியில் ‘பார்ஸ்’ என்பது சிறுத்தையினப் பெரும்பூனையைச் சுட்டுவதால், அது அவர் பெயரையே நினைவூட்டுவதாகக் கொள்வர். தந்தையின் சின்னத்தை மக்கள் கையாண்டதும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் கோப்பை, மைக்கூடு, துணி யாவும் ஒரே வட்டத்தில் நெருங்கின. ஒரு சுல்தானின் மம்லூக்குகள் பலர் ஒரே சின்னத்தைப் பகிர்ந்தனர். தனி மனிதரின் பணியைச் சொன்ன ரன்க், இவ்வாறு அவர் சார்ந்த அணியைச் சொல்லலாயிற்று.

1517இல் உஸ்மானியர் எகிப்தை வென்றபின் இம்மரபு மறைந்தது. கெய்ரோவின் பழைய சுவர்களில் கற்கோப்பைகள் எஞ்சியுள்ளன. அவற்றை வெறும் அலங்காரமென்று கடந்து செல்வோர், குலமின்றி வந்து தம் உழைப்பால் உயர்ந்தோரின் கையொப்பத்தைப் படிக்கத் தவறுகின்றனர்.